திருத்தணிப் படிக்கட்டும் ஓர் அரையும்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு சூத்திரப் பட்டியல் இருக்கும். முக்கோணத்தின் பரப்பு: ½ × அடிப்பக்கம் × உயரம். சரிவகத்தின் பரப்பு: ½ × உயரம் × இணைப்பக்கங்களின் கூடுதல். இயக்க ஆற்றல்: ½ × நிறை × திசைவேகத்தின் வர்க்கம். ஓய்விலிருந்து விழும் பொருள் கடக்கும் தூரம்: ½ × புவியீர்ப்பு முடுக்கம் × நேரத்தின் வர்க்கம். நான்கிலும் ஓர் அரை!

இந்த அரை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "சூத்திரம் அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்பதுதான். தேர்வில் அரையை விட்டுவிட்டால் மதிப்பெண் போகும். அதனால் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். தேர்வு முடிந்ததும் வட்டமும் மறந்துவிடும், அரையும் மறந்துவிடும்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். நஷ்டம் இருக்கிறது. அந்த அரை எப்படி வந்தது என்று புரிந்தவருக்கு அதன் பக்கத்தில் நிற்கும் "வர்க்கம்" ஏன் வந்தது என்பதும் புரியும். அந்த வர்க்கம் புரியாமல் வண்டி ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. அதனால் இந்த அரையை மனப்பாடத்திலிருந்து விடுவித்து, காரணத்தோடு சொல்லித் தரவேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. அதற்குத் திருத்தணியைவிட நல்ல வகுப்பறை வேறு ஊரில் இல்லை.

படியில் இருக்கும் பாடம்

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள் என்பது ஊரறிந்த கணக்கு. வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி. டிசம்பர் 31 அன்று நடக்கும் திருப்படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து, திருப்புகழ் பாடி, கற்பூரம் ஏற்றி மேலே போவார்கள்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. முதல் படியில் ஒரு பூ, இரண்டாம் படியில் இரண்டு பூ, மூன்றாம் படியில் மூன்று... இப்படியே 365ஆம் படியில் 365 பூ வைக்கவேண்டும் என்றால் மொத்தம் எத்தனை பூ வாங்க வேண்டும்?

ஒவ்வொன்றாகக் கூட்டத் தேவையில்லை. முதல் படியையும் கடைசிப் படியையும் சேர்த்தால் 366. இரண்டாம் படியையும் 364ஆம் படியையும் சேர்த்தாலும் 366. இதே படிக்கட்டைப் போல இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பி இதன்மேல் பொருத்தியதாக நினைத்தால், 365 படிகளிலும் தலா 366 பூ. அதாவது 1,33,590. ஆனால் படிக்கட்டு இரண்டல்ல, ஒன்றுதான். எனவே அதில் பாதி: 66,795 பூ.

இதோ முதல் அரை! அது வானத்திலிருந்து விழவில்லை. ஒன்றை இரண்டாக்கி, செவ்வகமாக அடுக்கி, கடன் வாங்கிய ஒன்றைத் திருப்பிக் கொடுத்தபோது வந்தது.

பக்கவாட்டில் நின்று பார்த்தால் படிக்கட்டு கிட்டத்தட்ட ஒரு முக்கோணம்தான். முக்கோணத்தின் சூத்திரத்தைப் போட்டால் ½ × 365 × 365 = 66,612.5. பூக்கணக்கோ 66,795. வித்தியாசம் 182.5. ஒவ்வொரு படியின் மூக்கும் சரிவுக் கோட்டைத் தாண்டி அரைக் கட்டம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 365 படிக்கு 365 அரைக் கட்டங்கள், அதாவது 182.5. கணக்கு நேராகிவிட்டது. பத்துப் படி மட்டும் இருந்தால் இந்த வித்தியாசம் நூற்றுக்குப் பத்து. 365 படிகளில் ஆயிரத்துக்கு மூன்றுகூட இல்லை. படிகளை இன்னும் சிறிதாக, இன்னும் நிறைய ஆக்கிக்கொண்டே போனால் வித்தியாசம் தேய்ந்து, படிக்கட்டு வழவழப்பான சரிவாகிவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் தொகை நுண்கணிதம் என்று பயமுறுத்தும் பாடத்தின் மொத்த ரகசியமும் இதுதான்!

பழைய கணக்கர்களின் அரை

முக்கோணத்தின் அரை நம் நாட்டுக்குப் புதிதல்ல. கி.பி. 499இல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தில், செங்குத்துயரத்தை அடிப்பக்கத்தின் பாதியால் பெருக்கினால் முக்கோணத்தின் பரப்பு என்று இருக்கிறது. அதே நூலில், சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்றும் இருக்கிறது. தமிழில் காரி நாயனாரின் கணக்கதிகாரமும் வட்டத்துக்கு இதே வழியைத்தான் சொல்கிறது: விட்டத்தில் அரை, வட்டத்தில் அரை, இரண்டையும் பெருக்கு.

இன்று பள்ளியில் "பை × ஆரம் × ஆரம்" என்று படிப்பதால் வட்டத்தில் அரை இருப்பதே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் இருக்கிறது. வட்டத்தை வெங்காயம் போல வளையம் வளையமாக உரித்து, ஒவ்வொரு வளையத்தையும் நேராக நீட்டி, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். நடுவில் ஒன்றுமில்லை, வெளியே வரவர நீளம் சீராகக் கூடுகிறது. கிடைப்பது ஒரு முக்கோணம். உயரம் ஆரம், அடிப்பக்கம் முழுச் சுற்றளவு. ½ × ஆரம் × சுற்றளவு. அதே படிக்கட்டு, அதே அரை.

காரணம் தெரியாமல் அரையைக் கையாண்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆரியபட்டீயத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. முக்கோணத்துக்கு அரை சொன்ன அதே சுலோகத்தின் அடுத்த வரியில், முக்கோண அடித்தளம் கொண்ட கூம்பகத்தின் கனஅளவுக்கும் அடிப்பரப்பு × உயரம் இதில் அரை என்று வருகிறது. அது தவறு. அங்கே வரவேண்டியது மூன்றில் ஒரு பங்கு. கூம்பகத்தில் உச்சியிலிருந்து கீழே வரவர ஒவ்வொரு அடுக்கின் பரப்பும் சீராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடுகிறது. அதனால் பங்கும் மாறுகிறது. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் மூன்றில் ஒரு பங்கு என்று சரியாகச் சொன்னார்.

ஆரியபட்டரைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. அவ்வளவு பெரிய மேதைக்கே, ஒன்றில் சரியாக வந்த அரை அடுத்ததிலும் சரியாகத்தான் வரும் என்று தோன்றியிருக்கிறது என்றால், மனப்பாடத்தை மட்டும் நம்பும் பதினைந்து வயது மாணவனுக்கு என்ன துணை இருக்கிறது? சீராகக் கூடினால் அரை, வர்க்கமாகக் கூடினால் மூன்றில் ஒன்று. இந்த ஒரு வாக்கியம் தெரிந்தால் பத்துச் சூத்திரங்களை உருப்போட வேண்டியதில்லை.

நிலத்தில் தவறினால்

திருத்தணி எல்லையின் அருமை தெரிந்த ஊர். ம.பொ.சி. தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மாநில எல்லைக்குப் போராட்டம் என்றால், வரப்புத் தகராறுக்கு வட்டாட்சியர் அலுவலகம். அங்கே கிடைக்கும் எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வயலுக்குள் குறுக்கே கோடு இழுத்து, முக்கோணமாகப் பிரித்து, மூலைகளுக்குச் செங்குத்துத் தூரம் குறித்திருப்பார்கள். கோணல்மாணலான நிலம் எதுவானாலும் முக்கோணங்களாக உடைத்தால் அளந்துவிடலாம்.

அடிப்பக்கம் 40 மீட்டர், செங்குத்துத் தூரம் 30 மீட்டர் உள்ள முக்கோணத் துண்டு 600 சதுர மீட்டர். பதினைந்து சென்ட்கூட இல்லை. அரையை மறந்தால் 1,200 சதுர மீட்டர், கிட்டத்தட்ட முப்பது சென்ட்! தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண் குறையும். பத்திரப்பதிவில் என்ன குறையும் என்று சொல்லத் தேவையில்லை. விற்பவர் சொல்லும் அளவைத் தானே சரிபார்க்கத் தெரிந்த விவசாயி ஏமாறமாட்டார். பள்ளிக் கணக்கின் பயன் என்று இதைவிட வேறென்ன வேண்டும்?

வேகத்துக்குள் வந்த முக்கோணம்

சரி, முக்கோணத்துக்கும் ஓடும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?

பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சில் நிக்கோல் ஓரேம் என்ற அறிஞர் ஒரு படம் வரைந்தார். நேரத்தைக் கிடைக்கோடாகவும், அந்தந்த நேரத்து வேகத்தை அதன்மேல் செங்குத்துக் கோடாகவும் போட்டார். வேகம் பூஜ்யத்தில் தொடங்கிச் சீராகக் கூடினால் அந்தக் கோடுகள் ஒரு முக்கோணமாக நிற்கும். முக்கோணத்தின் பரப்புதான் கடந்த தூரம். 1638இல் வெளியான நூலில் கலிலியோவும் விழும் பொருளுக்கு இதையே நிறுவினார். கடந்த தூரம் = ½ × கடைசி வேகம் × நேரம். வேறு வார்த்தையில் சொன்னால், தொடக்கத்தில் பூஜ்யம், கடைசியில் முழு வேகம், சராசரி பாதி வேகம். அவ்வளவுதான். திருத்தணிப் படிக்கட்டில் ஒவ்வொரு படியையும் ஒரு விநாடியாகவும், பூவை மீட்டராகவும் மாற்றிப் பாருங்கள், அதே கணக்கு.

இயக்க ஆற்றலின் அரையும் இதே சராசரியிலிருந்து வருகிறது. நின்றுகொண்டிருக்கும் ஒரு பொருளை மாறாத விசையால் தள்ளி ஒரு வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குச் செலவாகும் வேலை விசை × தூரம். விசை என்பது நிறை × வேகம் ÷ நேரம். தூரம் என்பது ½ × வேகம் × நேரம். இரண்டையும் பெருக்கினால் நேரம் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது ½ × நிறை × வேகம் × வேகம். மூன்றே வரி! விசையில் ஒரு வேகம், தூரத்தில் இன்னொரு வேகம், அதனால்தான் வர்க்கம். தூரத்தோடு வந்த சராசரிதான் அரை.

வரலாற்றில் வர்க்கம் முதலில் வந்தது, அரை பிறகுதான் வந்தது. 1686இல் ஜெர்மனியின் லைப்னிட்ஸ், ஓடும் பொருளின் சக்தியை நிறை × வேகத்தின் வர்க்கம் என்று அளக்கவேண்டும் என்றார். நிறை × வேகமே போதும் என்று மறுத்தவர்கள் பலர். ஹாலந்தில் கிராவசாண்ட் என்பவர் 1720களில் பித்தளைக் குண்டுகளை மிருதுவான களிமண்ணில் விழவிட்டு, குழியைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். வேகம் இரண்டு மடங்கானால் குழி நான்கு மடங்கு. பிரான்சில் எமிலி து ஷாத்லே என்ற பெண் அறிஞர் 1740இல் வெளியிட்ட தன் நூலில் லைப்னிட்ஸின் பக்கம் நின்று வாதாடினார். அரையோ 1829இல் கொரியோலிஸ் எழுதிய எந்திரங்கள் பற்றிய நூலில்தான் நிலைபெற்றது. விசை × தூரம் என்ற வேலையோடு கணக்கு நேராகப் பொருந்தவேண்டும் என்பதற்காக அவர் அரையைச் சேர்த்தார்.

இதைச் சொல்லித் தரும்போது ஒரு நேர்மையும் வேண்டும். "இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு ஆற்றல்" என்பதற்கு அரை தேவையே இல்லை, வர்க்கம் போதும். எத்தனை ஜூல், எத்தனை மீட்டரில் வண்டி நிற்கும் என்று எண்ணாகச் சொல்லத்தான் அரை வேண்டும். எதற்கு எது வேண்டும் என்று பிரித்தறிவதே புரிதல்.

நெடுஞ்சாலையில் ஒரு செங்கோண முக்கோணம்

இனி முக்கியமான விஷயம். சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலை திருத்தணி வழியாகத்தான் செல்கிறது. ஆடிக் கிருத்திகை வந்தால் காவடி எடுத்து நடந்து வரும் பக்தர்கள் சாலையோரம் முழுக்க இருப்பார்கள். மலைக்கு வண்டிகள் ஏறி இறங்கும் பாதையும் உண்டு. "வேகம் விவேகமல்ல" என்று சாலைகளில் எழுதி வைக்கிறார்கள். நல்ல வாசகம்தான். ஆனால் வேகம் கூடினால் ஆபத்து எந்தக் கணக்கில் கூடும் என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்லவேண்டிய இடம் பள்ளிக்கூடம்.

இரண்டு பைக்குகள் அருகருகே வருகின்றன. ஒன்று மணிக்கு 40 கிலோமீட்டர், மற்றது 50. எதிரே ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. இருவரும் ஒரே இடத்தில், ஒரே அளவு பிரேக் பிடிக்கிறார்கள். 40இல் வந்த பைக் குழந்தைக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடுகிறது. அந்த இடத்தைத் தொடும்போது 50இல் வந்த பைக் என்ன வேகத்தில் இருக்கும்?

பத்து என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். 50இல் 40 போனால் 10. தவறு! பிரேக் பிடிப்பது வேகத்தைத் தின்று தூரமாக்குவதல்ல; ஆற்றலைத் தின்கிறது. ஆற்றல் வர்க்கத்தில் இருக்கிறது. 50இன் வர்க்கம் 2,500. அதில் 40இன் வர்க்கமான 1,600 போக மீதி 900. அதன் வர்க்கமூலம் 30. அதாவது அந்தப் பைக் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் குழந்தையின் மேல் மோதும். பத்து கிலோமீட்டர் கூடுதல் வேகம், மோதும்போது முப்பதாகிவிடுகிறது.

30, 40, 50 என்றதும் எதுவும் ஞாபகம் வருகிறதா? பிதாகரஸ் தேற்றத்துக்குப் பள்ளியில் போடும் அதே 3, 4, 5 செங்கோண முக்கோணம்! வடிவியலும் இயக்க ஆற்றலும் வேறு வேறு பாடம் என்று பிரித்து வைத்ததால் இந்த முக்கோணம் நெடுஞ்சாலையில் நிற்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. ஆபத்தைக் கண்டு, கை பிரேக்கைத் தொடும் வரை கழியும் அந்த ஒரு கணத்தையும் சேர்த்தால், 50இல் வந்தவர் அதற்குள்ளேயே கூடுதல் தூரம் ஓடியிருப்பார். நிலைமை இன்னும் மோசம்.

வேகத்தை உயரமாக மாற்றியும் பார்க்கலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 10 மீட்டர். அந்த வேகத்தில் சுவரில் மோதுவது சுமார் 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 72 கிலோமீட்டர் என்றால் 10 மீட்டர் அல்ல, 20 மீட்டர். கோயில் படி ஒன்று 15 சென்டிமீட்டர் உயரம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 365 படிகளின் உயரம் சுமார் 55 மீட்டர். மணிக்கு 120 கிலோமீட்டரில் பைக் ஓட்டுபவர் சுமந்து செல்வது அந்த உச்சியிலிருந்து விழும் ஆற்றலை. மலை உச்சியில் நின்று கீழே எட்டிப் பார்க்கவே பயப்படுபவர், சாலையில் அதே உயரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு கையால் செல்போன் பேசுகிறார்!

"நேரம் எங்கே இருக்கிறது?"

இதற்கு ஆசிரியர்கள் தரப்பில் ஒரு நியாயமான பதில் உண்டு. பாடத்திட்டம் பெரிது, நாட்கள் குறைவு, தேர்வில் "அரை ஏன் வந்தது" என்று கேட்பதில்லை, சூத்திரத்தைப் போட்டு விடை கண்டால் போதும் என்றுதான் மதிப்பெண் இருக்கிறது. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பின்தங்கிய மாணவர்களைத் தேர்ச்சி பெற வைப்பதே பெரும்பாடு. அவர்களுக்கு மனப்பாடம் ஒரு ஊன்றுகோல்.

ஆனால் நேரக் கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும். முக்கோணம், சரிவகம், வட்டம், கூட்டுத்தொடர், தூரம், இயக்க ஆற்றல், சுருள்வில்லில் சேமித்த ஆற்றல், பிறகு மின்தேக்கியின் ஆற்றல்... இத்தனையிலும் அரை வருகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக உருப்போட ஆகும் நேரம் எவ்வளவு? மறந்ததை மறுபடி படிக்க ஆகும் நேரம் எவ்வளவு? பூஜ்யத்தில் தொடங்கிச் சீராக வளர்வதன் மொத்தம், கடைசி அளவில் பாதி என்பதை ஒரு பாடவேளையில் புரியவைத்தால் எட்டுப் பாடங்களுக்குக் காணும். புரியவைப்பதுதான் சிக்கனம்.

இன்னொரு பதில், "கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏறாது" என்பது. இதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பின்னத்துக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழி இது. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. எல்லையோர ஊரான திருத்தணியில் தமிழில் "அரை" என்றால், தெலுங்கில் "அர". இரண்டு மொழிக் குழந்தைக்கும் சொல்லிலேயே சிரமம் இல்லை. கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவின் பிள்ளைக்குப் படிக்குப் படி ஒரு பூ கூடும் கணக்கு புரியாது என்பதை எப்படி நம்புவது?

செய்யவேண்டியது மிகச் சிறியது. திருத்தணிப் பள்ளிகள் வருடத்தில் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை மலைப்படிக்கு அழைத்துப் போகட்டும். ஒரு அளவுநாடா, ஒரு நோட்டு போதும். படியின் உயரத்தை அளந்து, பூக்கணக்கைப் போட்டு, முக்கோணத்தை வரைந்து, இறங்கி வந்து சாலையோரம் நின்று 30, 40, 50 கணக்கைப் போடட்டும். மற்ற ஊர்களுக்கு வேறு படிக்கட்டு கிடைக்காமலா போகும்? தேர்வுத்தாள் தயாரிப்பவர்கள் வருடத்துக்கு ஒரே ஒரு கேள்வியாவது "இந்த அரை ஏன்?" என்று கேட்டால், வகுப்பறையில் மறுநாளே மாற்றம் வந்துவிடும்.

1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளைத்தான் 1962 முதல் நாடே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. அந்த நாளில் திருத்தணிப் பிள்ளைகள் ஆசிரியர்களுக்குப் பேனாவும் ரோஜாப்பூவும் கொடுப்பதோடு, கூடவே இந்த ஒரு கேள்வியையும் கேட்கட்டும். பதினெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்து அதே நெடுஞ்சாலையில் பைக்கோடு இறங்கப்போவது அந்தப் பிள்ளைகள்தானே!